வெட்டிவேர் சோப்பு கொடுத்த வாரம்

ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தராசில் வைத்தேன். எண்ணூற்றெண்பது கிராம் என்று காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரிக்காத ரவைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதே மாதிரி குறைந்தது. கோளாறு தராசில்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

வலியசாலை வீட்டின் பின்கட்டில் இரண்டு வருடமாக மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்கிறேன். சோப்புக்குத் தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்து, வெட்டிவேர் வாசனை சேர்த்து, அச்சில் ஊற்றி ஒரு மாதம் காயவிடுவேன். எண்ணெயை லிட்டர் பாக்கெட்டிலிருந்து அப்படியே ஊற்றிவிடுவேன். காஸ்டிக் சோடாவுக்கு மட்டும்தான் இந்தத் தராசு. தராசு குறைத்துக் காட்டியிருந்தால் நான் போட்டது அதிகம். அதிகமானால் தோலை அரித்துவிடும்.

கடைசியாகச் செய்ததில் ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். சுரீரென்றது. ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன்.

அந்தச் சோப்புகளில் இரண்டு மட்டும் வெளியே போயிருந்தன. கோயில் வாசலில் பழக்கமான தென்காசிப் பெண் ஒருத்திக்குக் கொடுத்திருந்தேன். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பவள். கணவனுக்கு விழிஞ்ஞத்தில் கட்டட வேலை. அவள் விரலெல்லாம் வெடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கடை சோப்பெல்லாம் வேண்டாம், இதைப் போட்டுக்கோ, கை பூ மாதிரி ஆயிடும்" என்று நானே வலியக் கொடுத்தது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஹோட்டலுக்கு நடந்தேன். கல்லாவில் இருந்தவர் மலையாளம் கலந்த தமிழில், "அவங்க ரெண்டு திவசமா லீவாக்கும். கைக்கு எந்தோ பிரச்னைன்னு சொன்னாங்க" என்றார். வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். சோப்பால்தான் என்று அவளுக்குத் தெரியாமலிருக்கட்டும் என்று வழியில் ஒரு நினைப்பு ஓடியது. அதை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

கதவைத் திறந்தவளின் இரண்டு கையும் சிவந்து, விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது.

"அந்த சோப்பை நிறுத்தலையா?"

"எரியத்தான் செஞ்சுது அக்கா. மருந்துன்னா எரியும்லா? அதான் நாலு வேளையும் போட்டேன்."

தராசு விஷயத்தைச் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேலைக்குப் போகலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்கக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். களிம்பு கொடுத்து, சோப்பு, சோப்புத்தூள் எதையும் கை ஆறும்வரை தொடக்கூடாது என்றார் டாக்டர். மறுபடியும் ஹோட்டலுக்குப் போய்க் கல்லாக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கை ஆறும்வரை அவள் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கட்டும் என்றார் அவர். மூன்று வாரம் தினமும் போய் அவள் கையைப் பார்த்துவிட்டு வந்தேன். கை ஆறியது. பாத்திரம் தேய்க்கத் திரும்பினாள், இப்போது கையுறை போட்டுக்கொண்டு.

சோப்பையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தேன். புதுத் தராசு வாங்கினேன். சரியான சோப்பு ஒன்றை அவளிடம் நீட்ட ஒரு மாதம் தைரியம் வரவில்லை. நீட்டியபோது சிரித்தாள்.

"சோப்பு வேண்டாம்க்கா. மெழுகுவர்த்தியும் செய்வீங்கள்லா? கரண்டு போனா ஏத்த ஒண்ணு தாங்க."

கொடுத்தேன். ஏற்றினாளா, திரி ஒழுங்காக எரிந்ததா என்று மறுநாளே இரண்டு முறை போன் செய்துவிட்டேன்.