கடைசிப் பெயர் காலியாக இருந்தவர்கள்

சவூதியில், அல் கோபாரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். தொழிலாளர் கேம்பில் இருக்கும் ஆட்களில் அந்த வாரம் யார் யாருக்கு லீவு என்று பட்டியல் எடுக்கும் புரோகிராம் என்னுடையது. டேட்டாபேஸில் கேட்ட விவரத்தைத் தேடி எடுக்க அதில் ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் தயார் நிரல் தொகுப்பு ஒன்றை, வைத்திருந்தேன். அதை எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

நானும் ஒன்று அனுப்பினேன். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அரைகுறை விவரம் என்று அந்த ஆளின் வரியையே ஒதுக்கிவிடும் வசதி. புதிய வெளியீட்டில் அதைச் சேர்த்துவிட்டார்கள். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர்! தலைகால் புரியவில்லை எனக்கு. மனைவியிடம் நான்கு தடவை காட்டினேன். "பாத்தாச்சு, பாத்தாச்சு. மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலும் அந்த வெளியீட்டைப் போட்டேன். சரியாக இருக்கிறதா என்று என் பெயரையே தேடினேன், வந்தது. அதோடு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் ஓர் அண்ணன் அவசர லீவு கேட்டிருந்தார். ராமநாதபுரம் பக்கம், சைட்டில் சாரம் கட்டுகிறவர். ஊரில் அவருடைய அப்பாவுக்கு டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். இவர்தான் மூத்த மகன். ஞாயிற்றுக்கிழமையே என் மேசைக்கு வந்து, "உசுரோட ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துட்டாப் போதும் தம்பி" என்றார்.

"கவலப்படாதீங்கண்ணே. புதன்கிழமை லிஸ்ட்ல வந்துரும். வியாழக்கிழமை ஃபிளைட் ஏறிருவீங்க."

புதன்கிழமை பட்டியல் மேனேஜரிடம் போனது. அதில் இருப்பவர்களுக்குத்தான் ஊருக்குப் போய்த் திரும்பும் விசா எடுப்பார்கள். வியாழன் மதியம் அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றார். "விசா எடுக்குற ஆளு மாஃபி, கெடையாதுங்குறாரு தம்பி. லிஸ்ட்ல எம்பேரே இல்லையாம்."

பட்டியலைப் பார்த்தேன். மலையாளிகள் இருந்தார்கள், பாகிஸ்தான்காரர்கள் இருந்தார்கள். ஒற்றைப் பெயர் வைத்திருந்த நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. குடும்பப் பெயர் என்று நமக்கு ஏது? அவர்கள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர்க் கட்டம் காலி, அதனால் இங்கேயும் காலி. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? வெளிநாட்டுக்குச் சௌகரியம் என்று அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுக்கொண்டவன் நான். அதனால்தான் தேடியதும் வந்தேன். காலியாக விட்டவன் அரைகுறை என்று முடிவு கட்ட, ஒரு தமிழன்தான் அகப்பட்டானா?

பத்து நிமிடத்தில் பழைய வெளியீட்டுக்கே மாற்றிப் புதுப் பட்டியல் எடுத்தேன். மேனேஜர் கிளம்பிவிட்டிருந்தார். வெள்ளி, சனி விடுமுறை. எத்தனையோ முறை போன் செய்த பிறகு எடுத்தார். "கலாஸ், இன்னைக்கு முடிஞ்சது, சண்டே பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விடியற்காலையில் அண்ணனின் அப்பா போய்விட்டார். சாயங்காலம் அண்ணன் கேம்ப் ரூமில், கட்டிலில் உட்கார்ந்தபடி, கடைசிக் காரியம் எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை விசா வந்தது. அண்ணனும் வந்தார், தலையை மழித்திருந்தார்.

"காரியத்துக்காவது போயிட்டு வாங்கண்ணே."

"இனிப் போயி யாரப் பாக்க? சின்னவன் கொள்ளி வச்சுட்டான். லீவ கேன்சல் பண்ணிருங்க."

அவர் கண்ணெதிரே நானே கேன்சல் செய்தேன். கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்காக எம்புட்டு அலைஞ்சீங்கன்னு தெரியும் தம்பி. கூடப் பொறந்தவன்கூட இப்புடிச் செய்ய மாட்டான்" என்று சொல்லி அழுதார்.

நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.