கள்ளரைப் படிக்கும் நிரஞ்சலா

பதுளையில் டயர் கடை அழகையாவைத் தெரியாதவர்கள் குறைவு. நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று என் கடைக்கு மேலே இரண்டு மாடி நிற்கிறது. இனி எழுதப்போவது படித்தவர்களைப் பற்றி. இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் அந்த இரண்டு மாடியையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம்.

மேல்மாடி அறையில் குடியிருப்பவள் நிரஞ்சலா. எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்த பிள்ளை; கொழுந்து எடுத்தவள் பெற்ற மகள். வயது முப்பத்தொன்று. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அது போதாதென்று கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி வேறு. என்ன ஆராய்ச்சி? தேயிலையா, மண்ணா, மருந்தா? இல்லை. கள்ளர்.

போனுக்குள் இருக்கிற கள்ளர். அடுத்தவனுடைய வங்கி அட்டை இலக்கத்தை விற்கிறவன், கம்பியூட்டர் வேலை என்று ஆளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் அடைத்துவைத்து ஊரை ஏமாற்ற வைக்கிறவன், எல்லாரும் ரகசியக் குழு வைத்துப் பேசிக்கொள்கிறார்களாம். இவள் அப்படி ஒரு குழுவுக்குள் வேறு பெயரில் இரண்டு வருடமாக உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

"புடிச்சுக் குடுக்க மாட்டியா புள்ள?" என்று கேட்டேன்.

"அங்க யாருக்கும் சொந்தப் பேரு கெடையாது பெரியப்பா. யாரு எவருன்னு எனக்கே தெரியாது. நான் பாக்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். வாயத் தொறந்தா குழுவுல இருந்து தூக்கிருவாங்க. அதோட என் பட்டமும் போயிரும்."

"வாயத் தொறக்காம இருக்கறதுக்குச் சம்பளமா? எங் கடைல அப்புடி ஒருத்தன் இருந்தா அன்னைக்கே அனுப்பிருவேன்."

"அதான் ஒங்க கடைல மூணு மாசத்துக்கு மேல யாரும் நிக்கிறதில்ல."

வாய் மட்டும் நன்றாகப் படித்திருந்தது. நான் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். கள்ளன் களவெடுப்பான், நம்ம புள்ள பக்கத்தில் உட்கார்ந்து கொப்பியில் எழுதும், அரசாங்கம் அதற்குப் பட்டம் கொடுக்கும் என்று.

போன வருடம் ஜெயகுமார் என்று ஒருவன் எங்கள் தோட்டத்துக்கு வந்துபோகத் தொடங்கினான். வெள்ளை வேன், கழுத்தில் சங்கிலி. வந்த கையோடு மாரியம்மன் கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தான். வெளிநாட்டில் கம்பியூட்டர் வேலை, குளிரூட்டிய அறை, படித்த பிள்ளைகள் நாலு பேர் வேண்டும் என்றான். கோயில் கமிட்டித் தலைவர் நான். அவன் என்னைப் பார்த்து 'ஐயா, நீங்களும் நானும் சொந்தக் கையால மேல வந்தவங்க' என்றான். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். போகிற நாலு பேருக்கும் கோயிலில் பூசை வைத்து வழியனுப்புவது என்றும், ஜெயகுமாருக்கு மாலை போடுவது என்றும் ஏற்பாடு செய்தேன். மாலை பதுளையில் நானே போய் வாங்கியது.

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நிரஞ்சலாவும் என் வேனில் வந்தாள்.

நாலு பேரும் சாமி முன்னால் உட்கார்ந்தார்கள். கடைசியில் இருந்தவன் ரெங்கம்மாவின் மகன் யதுர்ஷன். பூசாரி காப்புக் கயிறு கட்ட வலது கையைப் பிடித்தார்.

"சாமி, ரெண்டு கையிலயும் செவப்புக் கயிறு கட்டுங்க. கடல் தாண்டிப் போறவங்க" என்றான் ஜெயகுமார்.

என்ன பக்தி என்று நினைத்தேன். கட்டி முடிந்ததும் நாலு பேரையும் கையை நீட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற நிரஞ்சலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியப்பா, இந்தக் கையை நான் பாத்திருக்கேன்."

"எந்தக் கைய?"

"குழுவுல. ஆள் அனுப்புறப்பல்லாம் ரெண்டு கையிலயும் செவப்புக் கயிறு கட்டின போட்டோதான் போடுவாங்க. அங்க எறங்கினதும் அத வச்சுத்தான் ஆளை அள்ளிட்டுப் போறது."

போனைத் திறந்து குழுவைப் பார்த்தாள். அப்படியே மூடிவைத்திருந்தால் அவளுடைய இரண்டு வருடமும் பத்திரமாக இருந்திருக்கும். அவளைத் தடுக்க நான் முயற்சி செய்யவில்லை. மாலையைக் கையில் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். அவள் நடுவில் போய் நின்றாள்.

"இப்ப நீங்க எடுத்த போட்டோவை எங்க போட்டீங்க?"

ஜெயகுமார் சிரித்தான். "யாருங்க இந்தம்மா?"

"நம்ம லயத்துப் புள்ளதான், என்னமோ பெருசாப் படிக்குது" என்றார் பூசாரி.

"படிச்சா பொறாமைதான் வரும்" என்றான் அவன்.

நிரஞ்சலா போனை ரெங்கம்மாவின் கையில் கொடுத்தாள். அதில் அதே நாலு பேர், கையில் அதே சிவப்புக் கயிறு, அதே கோயில், பின்னால் அவன் வாங்கிக் கொடுத்த ஒலிபெருக்கி. கீழே எழுதியிருந்ததை ரெங்கம்மாவே வாசித்தாள்: "நாலு உருப்படி. திங்கள் வந்து சேரும்."

ஜெயகுமாரைப் பார்த்து, "எம்புள்ள என்னா கொழுந்து மூட்டையாடா, உருப்படின்னு எண்ணுறதுக்கு?" என்றாள். எட்டி அவன் தோளில் கிடந்த பையைப் பிடுங்கினாள். நாலு பாஸ்போர்ட்டும் அதற்குள் இருந்தன. நம்முடைய வீரன் ஒற்றைச் செருப்போடு வேனுக்கு ஓடினான். பொலிஸ் முறைப்பாட்டை எழுதிக்கொண்டது. இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.

கோயில் படி இறங்குவதற்குள் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்; போனில் இருந்த அவளுடைய பொய்ப் பெயரை அவன் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. கண்ணாடி போட்ட நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, பார்க்க மட்டும் அனுமதி வாங்கியவர் ஏன் தலையிட்டீர் என்று விசாரித்தார்களாம். நாலு பிள்ளைகள் தப்பியது நல்லதுதானாம், ஆனால் ஆராய்ச்சி பாதியில் நிற்கிறதாம், இருப்பதை வைத்துப் பட்டம் தர முடியாதாம். எத்தனை படித்தாலும் ஒரு மனிதனுக்கு இந்த அளவுக்குப் புத்தி வருமா என்று எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு.

ஒரு மாதம் கழித்து அவள் ஒரு தாளோடு கடைக்கு வந்தாள்.

"வேற மாதிரி எழுதப் போறேன் பெரியப்பா. கள்ளன் பேசுறது இனி கெடைக்காது. அவன நம்புனவங்ககிட்ட கேக்கப் போறேன். ஏன் நம்புனாங்க, எப்புடி நம்புனாங்கன்னு. மொதல் ஆளு நீங்க."

"நானா?"

"மாலை வாங்குனது யாரு?"

அந்தப் பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் அறை காலி செய்ய வேண்டியிருக்கும். உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவன் என்னை மேலே வந்தவன் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்ததையும் சேர்த்து. அவள் தலையைத் தூக்காமல் எழுதினாள்.

முடிவில் தாளை எட்டிப் பார்த்தேன். மேலே 'பங்கேற்பாளர் 1' என்று இருந்தது.

"எம்பேரு எங்க?"

"பேரு போட மாட்டோம். அதுதான் சட்டம்."

"எங்கப்பா செத்த வரைக்கும் தோட்டத்துச் செக்ரோல் பேர்ப் புத்தகத்துல வெறும் நம்பரு புள்ள. அத மாத்தத்தான் நான் அந்தத் தோட்டத்த விட்டு எறங்குனேன். நீ என்னத் திரும்ப நம்பராக்குறியா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் போட முடியாது பெரியப்பா. நீங்களே எழுதுனா யாரும் தடுக்க முடியாது. எம்பேரையும் போட்டுக்கங்க" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சம்மதத் தாளில் மட்டும் கையெழுத்துக்கு இடம் இருந்தது. முத்துக்கறுப்பன் அழகையா என்று முழுதாகப் போட்டேன். அதை அவள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.