பெருக்கித் தள்ளிய பாதை: நெமிலிச்சேரி மண்பள்ளத்தில் மூன்று நாள்

புரட்டாசிக் கடைசியில், அதுவும் லீவில் வந்த இடத்தில், யாராவது மண்பள்ளம் பார்க்கப் போவார்களா? நான் போனேன். வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எனக்கு வேலை. கரி ஏற்றிய லாரிகள் பள்ளத்திலிருந்து மேலே வரப் பாதை போடுவதும், அது குழி விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் பதினொரு வருஷமாக என் பிழைப்பு. பதினைந்து நாள் லீவில் புரசைவாக்கத்து வீட்டுக்கு வந்த மறுநாளே மச்சானிடமிருந்து கார்டு வந்துவிட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன் எல்லப்பன். நெமிலிச்சேரிக்கு மேற்கே ஒரு சரளைப் பள்ளத்தில் மேஸ்திரி. உலக யுத்தத்துக்காக ஆவடியில் கட்டுகிற ராணுவக் கிடங்குகளுக்கு அங்கிருந்துதான் சரளை போகிறது. பள்ளத்திலிருந்து பாரத்தோடு லாரி ஏற மாட்டேனென்கிறதாம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓவர்சியர் வருகிறார். அவர் எதிரில் லாரி நிற்காமல் மூன்று தடவை ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேலை பூந்தமல்லிக்காரர் ஒருவருக்குப் போய்விடும். அவர் தன் ஆட்களையே கொண்டுவருவார். எல்லப்பனின் நாற்பது பேரும், மழை தொடங்குகிற நேரத்தில், கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எங்கண்ணனுக்கு ரோட்ட சரி பண்ணிக் குடுக்காம வந்தா இந்த ஊட்ல சோறு கெடையாது" என்றாள் என் மனைவி. அப்புறம் போகாமல் இருக்க முடியுமா?

வியாழக்கிழமை காலை எட்டு பத்துக்கு சென்ட்ரலில் வண்டி. ஆவடி பதினாலு மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் மூன்றணா, ஒன்பதுக்கு இறங்கிவிட்டேன். அங்கிருந்து பட்டாபிராம் வழியாகப் பள்ளத்துக்கு நாலு மைல். ஜட்காக்காரர் எட்டணா கேட்டார், ஆறணாவுக்குப் படிந்தார்.

"மண்பள்ளத்துலே இன்னா கீது பாக்க?" என்று கேட்டார்.

"ரோடு பார்க்கப் போகிறேன்."

அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரோட்டு மேலயே ஒக்காந்துகினு ரோடு பாக்கப் போறியா நைனா?"

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பள்ளம் இருபதடி ஆழம். அதிலிருந்து மேலே வரும் சரிவு முந்நூற்றிருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். எல்லப்பன் அழகாகத்தான் போட்டிருந்தான். காதர் பாய் தன் அடுப்புக்கரி லாரியில் சரளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெட்ரோல் ரேஷன் ஆனதிலிருந்து லாரிக்கும் கரிதான் தீனி. பாதிச் சரிவு வந்ததும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கல் நாலாபக்கமும் பறந்தது.

"நம்ம வண்டி ஏறும் சாப். ரோடுதான் வுட மாட்டேங்குது" என்று காதர் பாய் பீடியைப் பற்றவைத்தார்.

எனக்கோ சுரங்கத்துக்காரன் என்ற திமிர். கீழே குனிந்துகூடப் பார்க்காமல், "சரிவு ஜாஸ்தி, மேல்முனையை வெட்டு" என்று உத்தரவு போட்டேன். நாற்பது பேரும் நாலு மணிவரை வெட்டினார்கள். பதினாறடிக்கு ஓரடி இருந்த ஏற்றம் பதினெட்டடிக்கு ஓரடி ஆயிற்று. லாரி மறுபடி கிளம்பி, அச்சு அசலாக அதே இடத்தில் நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

எல்லப்பனின் மனைவி கன்னியம்மா அங்கே பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணாத்தே, இன்னும் எவ்ளோ வெட்டணும்? பேசாம பள்ளத்தயே தூக்கி மேல வெச்சிடலாமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அன்று பள்ளத்தருகே கொட்டகையில் படுத்தேன். விடிந்தும் விடியாமலும் சர் சர்ரென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். கன்னியம்மாவும் பதினோரு பெண்களும் வரிசையாகக் குனிந்து, சரிவை மேலிருந்து கீழ்வரை விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்! ஒவ்வொரு கல்லும் கழுவிவைத்ததுபோல் மின்னியது. செம்மண் தூளெல்லாம் இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பாகக் கிடந்தது.

"தினமும் பெருக்குகிறாயா?"

"பின்ன? நாலு பேரு வந்து போற எடம். வாசல குப்பயா போட்டு வெப்பாங்களா? ஒரு மாசமா ஒரு நா உட்டதில்ல" என்றாள் பெருமையாக.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?"

"தங்கச்சி, பாகு இல்லாமல் பொரியுருண்டை பிடிக்க முடியுமா? அந்தத் தூள்தான் பாகு. அதுதான் கல்லோடு கல்லை ஒட்டிப் பிடிக்கிறது."

அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "ஐயையோ! ஒரு மாசமா பாகத்தான் வாரிக் கொட்டிகினு இருந்தனா?"

எல்லப்பன் தலையைச் சொறிந்தான். "அவள சொல்லாத மச்சான். பெருக்கச் சொன்னதே நான்தான்." நேற்றே குனிந்து ஒரு பிடி கல்லை அள்ளிப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அதை அவர்களிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் பாக்கி. நல்லவேளை, தூளை யாரும் தூரக் கொண்டுபோய்க் கொட்டவில்லை. மேல் மூன்று அங்குலத்தைக் கடப்பாரையால் கிளறி, ஓரத்து வரப்பை வெட்டித் தூளைப் பரப்பிக் கலந்தோம். ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர். பதம் பார்க்க ஒரு வழி உண்டு: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், கையில் சேறு ஒட்டக்கூடாது. மழைநீர் இரு பக்கமும் வழிய நடுவை மூன்று அங்குலம் உயர்த்தினோம். இரண்டு ஜோடி மாடுகள் கல் உருளையை இழுத்தன. ஓரங்களைப் பெண்கள் திமிசுக்கட்டையால் இடித்தார்கள், பாட்டும் கேலியுமாக. கேலி முழுக்க என்னைப் பற்றித்தான். சாயங்காலம் ஐந்துக்கு முடிந்தது.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். காதர் பாய் பிஸ்மில்லா சொல்லிக் கிளம்பினார். பாதிச் சரிவு வந்தபோது எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டான். லாரி நிற்கவில்லை. மேலே வந்துவிட்டது! இரண்டாம் தடவை, மூன்றாம் தடவையும் வந்தது. ஓவர்சியர் பூட்ஸால் பாதையை உதைத்துப் பார்த்தார். ஒரு கல் பெயரவில்லை. வேலை எல்லப்பனுக்கே என்று நோட்டில் எழுதிவிட்டு, "ஒரே தூசியாக இருக்கிறதே, பெருக்க ஆளில்லையா?" என்றார்.

"பன்னெண்டு பேரு கீறோம் சாமி. எங்க கையக் கட்டிப் போட்டுதான் உங்க ரோட்ட நிறுத்தி வெச்சிகீறோம்" என்றாள் கன்னியம்மா.

நீங்களும் போவதானால் மழைக்கு முன்னால் போங்கள். பட்டாபிராம் தாண்டினால் காப்பி கிடைக்காது, ஆவடியிலேயே குடித்துவிடுங்கள். லாரி ஏறும்போது ஓரமாக நில்லுங்கள், பாரத்தோடு வருகிறவனுக்குத்தான் வழி. பாதை போடுகிறவராக இருந்தால், உத்தரவு போடுவதற்கு முன்னால் குனிந்து பாருங்கள்.

பன்னிரண்டு மணிக்கு நான் கிளம்பும்போது கன்னியம்மா லாரியை மறித்தாள். "பாய், எங்களயும் ஒரு தபா ஏத்திகினு போ." கூடையில் மண் சுமந்து அந்தச் சரிவைப் போட்டவர்களில் ஒருத்தியும் அதுவரை லாரியில் ஏறியதில்லையாம். பன்னிரண்டு பேரும் பள்ளத்தில் லாரியில் ஏறினார்கள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கூச்சலும் சிரிப்புமாக மேலே வந்தார்கள்.

"அண்ணாத்தே, ஆடவே இல்ல! ஊட்ல ஒக்காந்தா மாதிரி கீது!" என்று கத்தினாள் கன்னியம்மா. எத்தனையோ துரைமார் எனக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார்கள். ஒன்றைப் படித்தும் எனக்குக் கண் கலங்கியதில்லை.