எல்லையில் நின்ற சீமைத்துத்தி

அந்த இலையைத் தொட்டால் மாட்டின் நாக்கைத் தொட்டதுபோல இருக்கும். மேலே சொரசொரவென்றிருக்கும், கசக்கினாலோ வெண்டைக்காய் நறுக்கும்போது வருகிற வழவழப்பு விரலில் ஒட்டிக்கொண்டு, பாவாடையில் துடைத்தாலும் போகாது. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுப் பின்புறத்துக்கும், மேற்கே அடுத்திருந்த மேலவீட்டுப் பின்புறத்துக்கும் நடுவே வரிசையாக நின்ற சீமைத்துத்தியின் இலை அது. ஓடைக்கரையெல்லாம் மஞ்சள் பூவோடு நிற்கிற சாதாரணத் துத்தியை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூலச் சூட்டுக்கு அதன் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டாத வீடு கிடையாது. இதுவும் அதன் வகைதான் என்றாலும், கிளை விடாமல் ஆள் உயரத்துக்கு மேல் நேராக எழும்பி, அடியிலிருந்து நுனிவரைக்கும் கிண்ணம் கிண்ணமாகச் சிவப்பும் ரோஸுமாகப் பூக்கும். தெருப்பிள்ளைகள் நாங்கள் அதற்கு "கொடிமரச் செடி" என்று பேர் வைத்திருந்தோம். என் அப்பா வைத்த பேர் வேறு. அவர் அதை "வேவுச் செடி" என்றுதான் சொல்லுவார்.

அதைக் கொண்டுவந்தவள் சிவகாமி அத்தை. சொந்த அத்தை இல்லை. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்து, அங்கேயே தவறிப்போன பிறகு, மகளையும் புனலூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, மேலவீட்டை வாங்கித் தனியாளாகக் குடிவந்தவள். ஒரு தகரப்பெட்டியும் முந்தானையில் முடிந்த விதையும்தான் அவள் கொண்டுவந்த சீர் என்று தெருவில் கேலி பேசினார்கள். பேச்சில் மலையாளம் கலந்து வரும். அம்மா காப்பியை ஊற்றும்போது "மதி, மதி" என்று கையை நீட்டுவாள். அதைக் கேட்டாலே அப்பாவுக்கு முகம் சுருங்கும். "போதும்னு சொல்லுததுக்கு நம்ம பாஷையில வார்த்தையா இல்ல? எதையோ மறைக்கா" என்பார்.

அப்பா கெட்ட மனிதர் இல்லை. விடியும் முன்பே குளித்து நீறு பூசாமல் தொழுவத்துக்குள் கால் வைக்கமாட்டார். எங்கள் செவலைப் பசுவின் பால் வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் ஆய்க்குடி முருகனுக்கு அபிஷேகத்துக்குப் போகும். அதில் சொட்டுத் தண்ணீர் கலந்தது கிடையாது. சாமியை அப்படி நம்பினவருக்கு மனிதர்களை மட்டும் நம்ப முடியவில்லை. யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் "என்ன காரியமா வாரான்?" என்பார். சிரிக்காமல் வந்தால் "மூஞ்சியப் பாத்தியா, மனசுல என்னத்தையோ வச்சிருக்கான்" என்பார்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே மதிலோ வேலியோ கிடையாது. எல்லைக்கு அடையாளமாக நின்ற ஒற்றைப் பனையும் ஒரு சூறைக்காற்றில் சாய்ந்து, அதன் தூரும் கரையான் தின்று மண்ணாகிவிட்டது. எங்கள் தொழுவம் அந்தப் பனைக்குப் பக்கத்தில், தாத்தா காலத்தில் போட்டது. எல்லை ஒரு முழம் இந்தப் பக்கம் வந்துவிட்டால் தொழுவத்தின் மேலச்சுவர் போய்விடும். சுவர் போனால் மாடு கட்ட வேறு இடம் கிடையாது. மாடு போனால் சாமிக்குப் போகிற பால் நின்றுவிடும். அப்பாவுக்கு உயிரே அந்த மேலச்சுவரில்தான் இருந்தது.

குடிவந்த சுருக்கில் அத்தை அந்த இடத்தில், தன் பக்கமாக ஒதுங்கித்தான், விதையை ஊன்றினாள். முதல் வருஷம் வெறும் இலைதான். தரையோடு தரையாகத் தாம்பாளத்தைக் கவிழ்த்துவைத்த மாதிரி படர்ந்து கிடந்தது. அந்த வகை முதல் வருஷம் வேரைத்தான் இறக்கும், மறுவருஷம்தான் தண்டு எழுப்பும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

"பூவும் இல்ல, காயும் இல்ல. இதுக்குப் போயி குடம் குடமாத் தண்ணி ஊத்துதாளே, எதுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார் அப்பா.

"செடின்னா தண்ணி ஊத்தத்தான் செய்வாவ."

"செடி இல்லட்டி அது, வேலி. இன்னைக்கு இலை, நாளைக்கு முள்ளு, மறுநாளு கல்லுக்கால். பாத்துக்கிட்டே இரி."

ஒருநாள் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நாலைந்து செடியை மொட்டையாக மேய்ந்துவிட்டது. அத்தை சண்டைக்கு வரவில்லை. அதுவே அப்பாவுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. "ஏசக்கூட இல்ல பாரு. அப்ப இலையில என்னமோ இருக்கு" என்று தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்து, மாடு அசைபோடுவதையும் சாணி போடுவதையும் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் பால் கொஞ்சம் கூடவே கறந்தது. அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

மறுவருஷம் செடி எழும்பிப் பூத்தபோது தெருவே வந்து பார்த்தது. அத்தை தினம் முதல் பூவைப் பறித்துத் தன் வீட்டு முருகன் படத்துக்கு வைப்பாள். அம்மாவுக்கும் ஆசைதான். ஆனால் "பேர் தெரியாத பூ சாமிக்கு ஆகாது" என்று அப்பா சொல்லிவிட்டதால், எங்கள் சாமிக்கு அரளியும் செம்பருத்தியும்தான். ஆனாலும் அந்தப் பூ எங்கள் வீட்டுக்குள் வராமல் இல்லை. குற்றாலத்தில் சாரல் பிடித்தால் ஊரெல்லாம் அருவிக்கு ஓடும்; எனக்கு நெஞ்சில் சளி பிடிக்கும். அத்தை கருஞ்சிவப்புப் பூவின் இதழை நிழலில் காயப்போட்டுப் பொட்டலமாகக் கொடுப்பாள். அம்மா அதை மிளகு டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, அப்பா பால் கொண்டுபோகிற நேரம் பார்த்துக் கொதிக்கவைப்பாள். தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி நிறம் மாறும். பனங்கற்கண்டு போட்டுக் குடித்தால் தொண்டையில் எண்ணெய் தடவினாற்போல இதமாக இறங்கும்.

அப்பாவுக்கே ஒருமுறை கணுக்காலில் கட்டி வந்து நடக்க முடியவில்லை. அத்தை சொன்ன பக்குவப்படி அம்மா அதன் வேரையும் இலையையும் அரைத்து, வெதுவெதுப்பாகப் பற்றுப்போட்டாள். "என்னட்டி இது?" என்று கேட்டதற்கு "ஓடையில கெடந்த துத்திதான்" என்று சொல்லிவிட்டாள். கட்டி பழுத்து உடைந்து ஆறியது. "நம்ம ஊரு துத்திக்கு ஈடு உண்டா?" என்று அப்பா மெச்சிக்கொண்டார். உண்மையிலேயே தெரியாமல் மெச்சினாரா, தெரிந்துகொண்டே மெச்சினாரா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பூ உதிர்ந்தால் விதைகள், தட்டை முறுக்கை அடுக்கிப் பொட்டலம் கட்டின மாதிரி வட்டமாக இருக்கும். அது காய்ந்து வெடிக்கிற நேரமும் ஆனி மாதத்து மலைக்காற்று இறங்குகிற நேரமும் ஒன்று. மேற்கே மலை, அதற்குக் கிழக்கே அத்தை வீடு, அதற்கும் கிழக்கே நாங்கள். காற்று தள்ளின இடத்தில் விதை விழும், சாரலில் முளைக்கும். அதனால் ஒவ்வொரு பூப்புக்கும் வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே, எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அப்பா காற்றைப் பார்க்கவில்லை, செடியைத்தான் பார்த்தார். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் வரிசைக்கு இந்தப் புறம் ஒரு கருங்கல்லைப் புதைத்து வைத்தார். அடுத்த பூப்பில் செடி கல்லைத் தாண்டி, தொழுவத்தின் சுவரோரமாகவே முளைத்து நின்றது.

"தாண்டிட்டா!" என்று அப்பா போட்ட சத்தத்தில் அத்தை வெளியே வந்தாள்.

"ராத்திரியோட ராத்திரியா புடுங்கி நடுதீயளோ? எத்தன நாளா நடக்கு இது?"

"நானா? வெதய நட்டது நாந்தான். நடந்து வந்தது அதுவா வந்தது. காத்துட்டப் போயி கேளுங்க, அண்ணாச்சி."

"காத்துக்கு ஒங்க பக்கம் வரத் தெரியாதோ? எங்க பக்கம் மட்டுந்தான் வழி தெரியுமோ?"

"அது மலையில இருந்துல்லா எறங்குது. ஒங்களக் கேட்டுட்டா எறங்கும்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். சிரிக்கிறாள் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பாவுக்கு அது ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது. "அப்ப பண்பொழிக்கு வாங்க. முருகன் படியில சூடம் அணைச்சிச் சொல்லுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் கடைசிப் பேச்சு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பஞ்சாயத்து கிடையாது. பொய் சொல்லி அணைத்தவன் வீடு விளங்காது என்று எல்லோரும் நம்பினோம்; நான் இன்றைக்கும் நம்புகிறேன். அத்தை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வாரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மலையடிவாரத்தில், முதல் படியைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, அப்பா சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "முருகா, ஒரு செடியக்கூட நான் புடுங்கி நடல" என்று சொல்லிப் பொத்தென்று கையை வைத்து அணைத்தாள். உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது. அதோடு முடிந்தது என்று அம்மா என் கையைப் பிடித்தாள். அத்தை நகரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, இன்னொரு சூடத்தை எடுத்து அதே படியில் வைத்துப் பற்றவைத்தாள்.

"இப்ப நீங்க, அண்ணாச்சி. என் தொழுவம் முழுசும் என் எடத்துலதான் நிக்குன்னு சொல்லி அணைங்க."

அப்பா குனிந்தார். கையை நீட்டினார். சூடத்துக்கு ஒரு சாண் மேலே கை அப்படியே நின்றது. பனை சரியாக எங்கே நின்றது, தாத்தா சுவரை அதற்கு இந்தப் பக்கம் எழுப்பினாரா, அந்தப் பக்கம் எழுப்பினாரா என்று அவருக்குத் தெரியாது. தெரியும் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சுடர் சின்னதாகி, நீலமாகி, தானாகவே அணைந்து படியில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. அப்பா கையை எடுத்துக்கொண்டு, எங்களை விட்டுவிட்டு, மலை ஏறிப் போய்விட்டார்.

மறுநாளே தொழுவத்தின் ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். "அளந்து பாத்துட்டுப் பிரிச்சா என்ன?" என்று அம்மா அழுதாள். "அங்கன கை நின்னுட்டுல்லா. இனி என்னத்த அளக்க?" என்றார். அத்தையும் ஓடிவந்து, "நான் தொழுவத்தப் பிரிக்கச் சொல்லலையே அண்ணாச்சி, வாய்க்கு வாய்தான கேட்டேன்" என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. செவலை, ஆய்க்குடியில் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்குப் போனது, சாமிக்குப் பால் நிற்கக்கூடாது என்ற பேச்சோடு. அதன்பிறகு அப்பா வெள்ளிக்கிழமைகளில் கையை வீசிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார். சாணி ஊறின அந்தத் தொழுவத்து மண்ணில் அடுத்த பூப்புக்கு சீமைத்துத்தி ஓட்டுக்கூரை உயரத்துக்கு வளர்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்க்கும்படி பூத்தது. அத்தை அந்த இடத்தில் கால் வைக்கவில்லை. "ஏன் எடுத்துக்கிட மாட்டேங்கா? எதுக்குக் காத்திருக்கா?" என்று அப்பா தினமும் கேட்பார்.

அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. உடம்புக்கு முடியாமல் மகளோடு புனலூருக்குப் போனவள் அங்கேயே கண்ணை மூடினாள். வீடு வெகுகாலம் பூட்டிக் கிடந்தது.

போன ஆனியில் அதை வாங்கினவர்கள், எல்லை தெரியாமல் தொழுவம் இருந்த எங்கள் பக்கத்தையும் சேர்த்து, ஜேசிபி வைத்து மொத்தமாக வழித்தெடுத்தார்கள். சீமைத்துத்தி வேரோடு போய்விட்டது. இப்போது அவர்கள் பக்கத்தில் சிமெண்டுக் கல் பாவி, கார் நிற்கிறது. எல்லையில் தலைக்கு மேல் மதில். குற்றாலம் சாலையில் இருக்கிற செடிக்கடைகளில் கேட்டுப் பார்த்தேன், அப்படியொரு பேரையே யாரும் கேள்விப்படவில்லை. ஆனிக்காற்று மட்டும் பழையபடி இறங்குகிறது, கொண்டுவரத்தான் ஒன்றும் இல்லை.

மதில் கட்டுவதற்கு முன்னால் ஆள் வந்து, கருவி வைத்து இரண்டு பக்கமும் அளந்தார்கள். எல்லைக் கல், அப்பா புதைத்தது இல்லை, பழைய சர்க்கார் கல், மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. தொழுவம் நின்ற இடம் முழுவதும், மேலச்சுவரோடு சேர்த்து, எங்களுடையதுதான். உள்ளே ஓடி, கட்டிலில் கிடந்த அப்பாவிடம் சொன்னேன்.

"அளந்தவன் யாரு ஆளு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"யாரு ஆளும் இல்லப்பா. கல்லே கெடச்சிட்டு."

எனக்கு அந்தப் பசுவின் ஞாபகம் வந்தது. "அன்னைக்கு நீங்க தைரியமா சூடத்த அணைச்சிருக்கலாம்லாப்பா" என்றேன்.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்லாட்டி" என்றார்.

சொல்லிவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டார்.