பத்து விரலிலும் ஆப்ப சோடா

போன தை மாதம், ஒரு புதன்கிழமை காலை. தேனியில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் நின்றுகொண்டு, பத்து விரலையும் ஆப்ப சோடா டப்பாவுக்குள் விட்டேன். அன்றைக்கு நடந்த கூத்தெல்லாம் அதில் ஆரம்பித்ததுதான்.

ஏன் விட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மற்ற நேரமெல்லாம் பஸ், லாரி, ஜீப் செய்கிறேன். ரோட்டில் ஓடுகிறது இல்லை, மேஜை மேல் நிற்கிறது. ஃபோம் ஷீட்டை அளவாக வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, அசலை அப்படியே சின்னதாக்கி வைப்பேன். எல்லாவற்றுக்கும் சூப்பர் க்ளூதான். அது மெலிசாகப் பட்டால் உடனே பிடிக்கும்; இடுக்கில் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கிவிட்டால் லேசில் காயாது. அதைச் சட்டென்று இறுக வைக்க ஆக்ஸிலரேட்டர் என்று ஒரு ஸ்ப்ரே விற்கிறார்கள். அது தீர்ந்துபோனால் நான் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைத் தூவிவிடுவேன். க்ளூ மேல் சோடா விழுந்ததும் கல்லாகிவிடும். "ஊர்ல எல்லாரும் சோடாவ மாவுல போடுறாக, நம்ம வீட்ல மட்டும் ஜீப்புல போடுறாக" என்பார் என் கணவர். சொல்லிவிட்டு அவரேதான் கடைக்குப் போய் வாங்கியும் வருவார்.

அன்றைக்குப் பத்திர ஆபீஸில் எனக்கு வேலை. பண்ணைப்புரத்தில் அப்பா விட்டுப்போன மனையில் என் பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. தம்பி ஜீப் டிரைவர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் மலைமேல் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் இறக்கிக் கூட்டி வருவான். அந்த மனையில் அவன் வீடு கட்ட வேண்டும். என் பங்கை அவன் கேட்கவும் இல்லை, விட்டுக்கொடு என்று என்னை யாரும் நெருக்கவும் இல்லை. நானாகத்தான், "நீயே வச்சுக்கடா" என்றேன். அந்தச் சந்தோஷத்தில், அவன் ஜீப்பையே சின்னதாகச் செய்து, பதிவு முடிந்ததும் கையில் கொடுத்து அவனை அசத்த வேண்டும் என்று ஆசை வேறு.

கிளம்புகிற நேரத்தில் ஜீப்பின் மேல் இருந்த கேரியர் கழன்றுவிட்டது. க்ளூ ட்யூபின் வாய் அடைத்திருந்தது. அவசரத்தில் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். ட்யூப் பக்கவாட்டில் பிய்ந்து, பாதி ஜீப்பிலும் பாதி என் கையிலுமாகக் கொட்டியது. இன்னும் கொஞ்சம் விட்டால் கும்பிட்ட கையோடுதான் பஸ் ஏற வேண்டும். வேறு யாராயிருந்தாலும் தண்ணீரைத் தேடி ஓடியிருப்பார்கள். க்ளூ வழிந்தால் சோடா என்று பழகிப்போன கை, நேராகச் சோடா டப்பாவுக்குள் போய்விட்டது.

சுள்ளென்று ஒரு சூடு. நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடி வந்தார். ஆனால் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் வெள்ளையாக ஒரு ஓடு மட்டும் போட்டிருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கேரியரையும் ஒருவழியாக நிமிர்த்தி வைத்து, ஜீப்பைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கைரேகை என்று ஒன்று வைக்க வேண்டும் என்ற ஞாபகமே அப்போது இல்லை.

பத்திர ஆபீஸில் தம்பி தேய்த்த வெள்ளைச் சட்டையோடு எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பரபரத்தான். எங்களைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த அம்மா, "பெருவிரலை வைங்கம்மா" என்றார். வைத்தேன். மெஷின் சிவப்பு லைட்டைக் காட்டியது.

"தலையில நல்லாத் தேச்சிட்டு வைங்க."

தேய்த்தேன். தலைமுடிதான் இரண்டு பிய்ந்து வந்தது. இந்த விரல், அந்த விரல், அந்தக் கை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. எனக்கு ரேகை என்று ஒன்று இருப்பதையே மெஷின் நம்பவில்லை. அந்த அம்மா என் கையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சுண்ணாம்புக் காளவாய்ல வேலையா? கையச் சுத்தம் பண்ணிட்டு வாங்க. அடுத்த ஆள்!" என்று அனுப்பிவிட்டார்.

தம்பி என்னை ஓரமாகக் கூட்டிப் போனான்.

"என்னக்கா கையில?"

"ஒண்ணுமில்லடா, பசை."

"எதுக்கு ஒட்டுன?"

அதைச் சொன்னால் ஜீப் ரகசியம் போய்விடுமே. "சும்மாதான்" என்று மழுப்பினேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எத்தன வருசமா ஒட்டுற. ஒரு சொட்டுகூட வெரல்ல படாதுன்னு நீதான பெருமையடிப்ப? இன்னைக்கின்னு பாத்து பத்து வெரல்லயுமா?"

அந்தப் பெருமையை நான் அடிக்காத கல்யாண வீடு இல்லை. அவன் சத்தம் போட்டிருந்தால்கூடப் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னான்:

"குடுக்க மனசு இல்லேன்னா முன்னாடியே சொல்லிருக்கலாம்லக்கா."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வலியக் கொடுக்க வந்தவளைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டானே! இனி என்ன ரகசியம்? பையிலிருந்து ஜீப்பை எடுத்து அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினேன். "இதுக்குத்தான்டா ஒட்டுனேன். இந்தா, பிடி!"

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இடது பக்க மட்கார்டில் இருக்கிற நசுங்கலைப் பார்த்தான். கேரியரில் சுற்றிய மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். கிழிந்த பின் சீட்டை அவன் ஒட்டுப்போட்டு வைத்திருப்பதைக்கூட நான் விடவில்லை. அதைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. "சரி குடு, பையில வைக்கிறேன்" என்றேன். கொடுக்கவில்லை.

"குடுடா."

"வரலக்கா."

ஜீப்பின் அடியில் தேங்கிய க்ளூவில் சோடா படவே இல்லை. அது ஈரமாகவே இருந்து, அவன் இடது பெருவிரலைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. எனக்கு விரல் இருந்தும் ரேகை இல்லை; அவன் விரலில் ஒரு ஜீப்பே தொங்கியது.

பக்கத்து பெஞ்சில் கல்யாணத்தைப் பதிவு செய்ய ஒரு பொண்ணும் பையனும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வண்டி சத்தம் கேட்டாலே இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கே ஆயிரம் பதற்றம். அந்தப் பொண்ணு எழுந்து வந்து, "அக்கா, எங்கிட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கு. அதுல இது போயிரும்" என்றாள். மாப்பிள்ளையின் கைக்குட்டையைப் பிடுங்கி நனைத்து, என் விரலை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். மாப்பிள்ளை அவள் மாலையையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓடு இளகி, உரிந்து வந்தது.

போய் விரலை வைத்தேன். பச்சை லைட்! யாரோ கை தட்டினார்கள். "சம்மதத்தோடதான எழுதிக் குடுக்குறீங்க?" என்று சார்பதிவாளர் கேட்டார். "ரொம்பச் சம்மதம் சார்" என்றேன், தம்பிக்குக் கேட்கிற மாதிரி.

அடுத்து வாங்குகிறவன் ரேகை.

"அந்த பொம்மையக் கீழ வச்சிட்டு இடது பெருவிரல வைங்க சார்" என்றார் கம்ப்யூட்டர் அம்மா.

"வைக்க முடியாதுங்க" என்றான் தம்பி.

அந்த ஹாலே அவனைத் திரும்பிப் பார்த்தது. இந்த வாய்ப்பை விட நான் என்ன பைத்தியமா?

"ஏலே, வாங்கிக்கிற மனசு இல்லேன்னா முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

முதலில் முழித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தவனால் நிறுத்த முடியவில்லை. வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏதோ ஒளறிட்டேன், விடுக்கா" என்றான். விட்டுவிட்டேன்.

அந்தப் பொண்ணே மிச்ச ரிமூவரை ஊற்றி அவன் விரலையும் பிரித்துவிட்டாள். ராகு காலத்துக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது. அந்தப் பொண்ணுக்கும் பையனுக்கும் ஒரு சாட்சி குறைந்தது. தம்பி போய்க் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகுதான் ஜீப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். ரிமூவர் பட்டு ஃபோம் ஷீட் இளகி, அவன் பெருவிரல் அமுங்கிய இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. அதில் ரேகை வரி வரியாக, எந்த மெஷினும் எடுக்காத அழகில் பதிந்திருந்தது. செய்த வேலை கெட்டுப்போனதை என்னால் பொறுக்க முடியவில்லை. "குடு, சரி பண்ணித் தாறேன்" என்றேன். "கிட்ட வந்துராத" என்று சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

இப்போது அந்த ஜீப், நிஜ ஜீப்பின் டேஷ்போர்டில் தினமும் மலை ஏறி இறங்குகிறது. தோட்டத்துக்குப் போகிற அக்காமார் கேட்டால் கவிழ்த்துக் குழியைக் காட்டிக் கதை சொல்கிறானாம்; கதையில் என் விரல் கூத்தெல்லாம் வருகிறதாம், அவன் என்னைச் சந்தேகப்பட்டது மட்டும் வருவதில்லையாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றிலிருந்து, யாராவது எதையாவது கொடுக்கத் தயங்கினால், அவர்கள் மனசைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நான் முதலில் கையைத்தான் பார்க்கிறேன்.