பதினேழாம் நோன்பின் கொக்கோ

நூருன்னிஸா உக்குவளையில் பிறந்தவள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பாதையோரத்துத் தகர வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. மாப்பிள்ளை யஹ்யாவுக்குக் கீழே ஒரு கொக்கோ ஸ்டோரில் வேலை. புளிக்கவைத்த கொட்டைகளை வாரிக் காயப்போடுவார். மழை நாளில் புகையறைக்குள் நின்று கிளறுவார். இருபத்திரண்டு வருடம் அந்தப் புகையை விழுங்கினார். பிள்ளை குட்டியை அல்லாஹ் கொடுக்கவில்லை. கொடுத்த துணையை நல்லதாகத்தான் கொடுத்தான் என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

ஸ்டோரில் கழித்துவிடும் நொறுங்கல் கொட்டையை யஹ்யா மடியில் கட்டி வருவார். அவள் அதை ஓட்டில் வறுத்து, தோலைப் புடைத்து, உரலில் இடித்து, எண்ணெய் கசியும்வரை அம்மியில் அரைத்து உருண்டை பிடித்து வைப்பாள். குளிர் காலத்தில் அந்த வீட்டில் தேத்தண்ணியைத் தேடுவாரில்லை. ஆட்டுப்பாலில் உருண்டையைக் கரைத்துக் கித்துள் கருப்பட்டி போட்டால் அது பெருநாளைக்கு. தேங்காய்ப்பாலில் ஏலமும் கறுவாப்பட்டையும் இட்டால் விருந்தாளிக்கு. வறுத்த அரிசிமா தூவிக் கூழாகக் காய்ச்சினால் வேலைக்குப் போகிறவருக்கு. மிளகும் வேர்க்கொம்புச் சுக்கும் தட்டிப் போட்டால் சளிக்கு. புடைத்த தோலை அவித்த தண்ணீர் அவளுக்கு.

"ஒன்ட கோப்பையில கொக்கோ எங்க ஈக்குது? இது கொக்கோ குளிச்ச தண்ணி" என்று யஹ்யா கேலி பண்ணுவார்.

"அத குடிச்சிட்டுத்தானே ஒங்களுக்கு முந்தி நான் எழும்புறேன்" என்பாள் அவள்.

அறுபத்தாறாம் வருடம், கூப்பனுக்கு அரசாங்கம் கொடுக்கும் அரிசி பாதியாகக் குறைந்த அந்த டிசம்பரில், யஹ்யா நெஞ்சு நோயில் விழுந்திருந்தார். ரமழானும் அதே மாதத்தில் வந்தது. நோன்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழ்ப் பள்ளியில் தொழவைக்கும் லெப்பை அப்துல் ஸமத் வீடு தேடி வந்து, "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்திருக்கான். நீங்க என்னத்துக்கு வேணாங்கிறீங்க?" என்று கேட்டார்.

"போற பயணத்துக்குக் கையில ஒண்ணும் இல்ல, லெப்பை. இந்த முப்பதையாச்சும் முழுசாக் கொண்டுபோறேன்" என்றார் யஹ்யா.

அந்த உயரத்துக்குப் பாங்கு எட்டாது. வீட்டில் மணிக்கூடும் இல்லை. எதிர்மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் மாலை ஆறு மணிக்கு விளக்குப் போடுவார்கள். எஞ்சின் அறையில் இருந்த நாகமுத்து, "நான் ஒரு நிமிசம் தப்ப மாட்டேன் பாய், நம்பி இருங்க" என்று முன்பே சொல்லி வைத்திருந்தான். விளக்கைக் கண்டதும், நேரம் முந்திவிடக் கூடாதென்று, நூருன்னிஸா நபி மேல் பத்து ஸலவாத்து ஓதுவாள்; அதற்குப் பிறகே நோன்பு திறப்பார்கள். வருடக்கணக்காக அந்த வீட்டின் பழக்கம் அது.

பதினேழாம் நோன்பு அன்று நடுப்பகல் லுஹரிலிருந்தே மழை. மூடுபனி இறங்கி முற்றத்துப் பலா மரமே மறைந்துவிட்டது. சாயங்கால அஸர் தொழுத பாயிலேயே யஹ்யா சுருண்டு கிடந்தார். பல் கிட்டி உடம்பு நடுங்கியது. கஞ்சிக்கு அரிசி இல்லாததால் அவள் மிளகுக் கொக்கோவைத்தான் அடுப்பில் வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது பனிக்குள் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. அவள் பத்து ஸலவாத்து ஓதவில்லை. அவருடைய நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றோடு நிறுத்தினாள்.

"வெளக்குப் போட்டாச்சு. பிஸ்மி செல்லிக் குடிங்க."

அவர் மூன்று மிடறு விழுங்கியிருப்பார். படலைத் தள்ளிக்கொண்டு நாகமுத்து வந்து நின்றான். தலையில் சாக்கு, முழங்கால்வரை சேறு, காலில் அட்டை கடித்து ரத்தம்.

"அக்கா, குடுக்காதீங்க! இருட்டாக் கெடக்குன்னு தொரை அஞ்சு மணிக்கே வெளக்குப் போடச் சொல்லிட்டாரு. மணி ஆறாக இன்னும் கா மணி நேரம் இருக்கு!" என்றவன், யஹ்யாவின் கையிலிருந்த கோப்பையைக் கண்டு தலைச் சாக்கை உருவிக் கையில் பிடித்துக்கொண்டான்.

யஹ்யா கோப்பையைக் கீழே வைத்தார். மிச்ச நேரம் முழுதும் ஒரு சொட்டும் தொடாமல் சுவரில் சாய்ந்திருந்தார். பொழுது மறைந்து மஃரிப் தொழுத பிறகு, "ஒண்ணு கொறஞ்சு போச்சு. பெருநாள் கழிச்சு புடிச்சிரணும்" என்றார். அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெருநாள் கழிந்தது. அந்த ஒரு நாளைத் தாங்குகிற அளவுக்காவது அவருக்கு உடம்பைத் தேற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. நாகமுத்து தினமும் தன் ஆட்டின் பாலைக் கொண்டுவந்து, "என் வெளக்கால வந்த வெனை, அக்கா" என்று வாசலில் வைத்துவிட்டுப் போவான். பாலில் காய்ச்சிய கொக்கோ நாலு நாள் வயிற்றில் தங்கியது. பிறகு வாந்தி. தேங்காய்ப்பாலுக்கு மாற்றினாள், வயிறு ஏற்கவில்லை. மாக்கூழைக் கரண்டியால் ஊட்டினாள், தொண்டையில் இறங்கவில்லை. மிளகு போட்டால் இருமல் கிளம்பி ரத்தம் வந்தது. கடைசியில் தோல் அவித்த தண்ணீர் மட்டுமே தங்கியது.

"குளிச்ச தண்ணிக்கு நானும் வந்துட்டேன், நூரு" என்று அவர் சிரிக்கப் பார்த்தார்.

பெருநாள் மாதமான ஷவ்வாலின் இருபதாம் பிறையில் காலைத் தண்ணீரை அவர் தொடவில்லை. "நான் நோம்புக்கு நிய்யத்து வெச்சிட்டேன்" என்றார்.

"ஒங்களுக்கு என்ன பைத்தியமா? கைய மடக்கச் சத்தில்லாத மனுசனுக்கு நோம்பு கேக்குதா?" என்று அவள் அழுதாள், அதட்டினாள், கரண்டியை உதட்டில் வைத்துக் கெஞ்சினாள். உதடு திறக்கவில்லை. அஸருக்குப் பிறகு மூச்சு நீண்டு நீண்டு வந்தது. பொழுது மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது அது நின்றது. இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவில் இருந்தவளிடம் லெப்பை திரைக்கு அப்பால் நின்று பேசினார். "அவரு மேல குத்தம் இல்லம்மா. மனசு ஆறலன்னா ஒரு ஏழைக்குச் சோறு குடுங்க. இல்லாட்டி அவருக்காக நீங்க புடிக்கலாம், மார்க்கத்துல எடம் ஈக்குது."

அவள் பிடித்தாள். முதல் நாள் மாலை வானம் மூடியிருந்தது. நன்றாக இருட்டிய பிறகுதான் தண்ணீர் குடித்தாள். படுத்தபின், இருட்டு வேறு பொழுது வேறு என்று மனம் குத்தியது. மறு நாளும் பிடித்தாள். அன்று வேறொரு சந்தேகம்: நிய்யத்தில் அவர் பெயரைச் சரியாகச் சொன்னேனா? மூன்றாம் நாளும் பிடித்தாள்.

இத்தா முடிந்து உக்குவளையிலிருந்து அண்ணன் கூட்டிப்போக வந்தபோது, எலும்பும் தோலுமாக நின்ற தங்கச்சியைக் கண்டு பதறினார். "என்னடி இது? எத்தன நோம்பு அவருக்கு விடுபட்டுக் கழாவாகியிருந்துச்சி?"

"ஒண்ணுதான், காக்கா."

"எத்தன புடிச்ச?"

"முப்பத்தி ஒம்பது" என்றாள் நூருன்னிஸா. அன்றும் அவள் நோன்புதான்.