காலிக் குழாய்

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகம். "சந்தேகம் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை, அந்த வேலைக்கு வேறு குணம் சரிப்படாது. கருப்பைக்குள் வைக்கும் முன் கருவிலிருந்து கிள்ளி எடுக்கும் நாலைந்து செல்லைக் குழாயில் போட்டு, பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்க்க அனுப்புவது அவள் பொறுப்பு. பதினாறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள்.

ஒவ்வொரு முறையும் செல் எதுவும் போடாத குழாய் ஒன்றையும் கூடவே அனுப்புவாள். அதில் ஒன்றுமில்லை என்று வந்தால்தான் மற்றவற்றின் முடிவை நம்பலாம். ஒருநாள் அந்தக் காலிக் குழாயில் யாருடைய மரபணுவோ வந்து நின்றது.

அந்தத் தம்பதிக்கு ஒரே மகள், ரத்த நோயில் மூன்று வயதில் போய்விட்டாள். இப்போது ஐந்து கருக்களில் ஒன்றுதான் நோயில்லை என்று தேறியிருந்தது. அதை உறையவைத்திருந்தார்கள், திங்கட்கிழமை உள்ளே வைப்பதாக ஏற்பாடு. லேசான தடயம்தானே, கண்டுகொள்ள வேண்டாம் என்றார் டாக்டர். அவள் தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நீட்டினாள்.

அவளுடையதேதான். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் தெரிந்த மணிக்கட்டுத் தோலிலிருந்து உதிர்ந்திருக்க வேண்டும். தேறிய கருவின் குழாயிலும் அது கலந்திருந்தது. நோயில்லை என்று சொன்னது கருவா, அவளுடைய ஆரோக்கியமான செல்லா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தம்பதியிடம் அவளே போய்ச் சொன்னாள். மறுபடி கிள்ளினால் கரு பிழைக்காமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. கணவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். மனைவி சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கரு பிழைத்தது. முடிவு வாங்க மனைவி மட்டும் வந்தாள். மகளுக்கு இருந்த அதே நோய். நல்ல வேளை, முன்னாலேயே தெரிந்ததே என்று டாக்டர் அவளைத் தேற்றினார். அவள் தலையாட்டினாள், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள், எழுந்தாள். ஆய்வகத்துக்காரி வாசல்வரை கூடவே போனாள்.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம், அக்கா. இன்னும் ஒரு மூணு வருஷம் எங்கிட்ட ஒரு குழந்தை இருந்திருக்கும்."

அது தப்பு என்று இவளால் சொல்ல முடியவில்லை.